ஏழாவது வரி

கோனாபட்டிலிருந்து தேனப்பன் வந்தார்,
உச்சி வெயிலில், ஒரு பென் டிரைவோடு.
ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்குப் பங்காளிக் கூட்டம்.
வளவில் வெள்ளை வேட்டியைக் கட்டி
அதில் படம் காட்டப் போகிறார்களாம்.
"ஒரே ஒரு சிலைடு, சபுரா.
பதினாலு பேர், பதினாலு வரி.
ஒருத்தன் வரி இன்னொருத்தனைவிட
ஒரு நூல் உசந்தாலும்
வீட்டை விட்டுட்டு அதைப் பேச ஆரம்பிச்சிருவாங்க."

அளந்தோம்.
சிலைடின் உயரம் பத்தொன்பது சென்டிமீட்டர், அரை மில்லி.
தலைப்புக்கு ஒன்றரை.
அடியில் கையெழுத்துக்கு நாலு, அதில் கைவைக்கக் கூடாது.
அட்டவணைக்குப் பதிமூன்றரை.
தலைவரியையும் சேர்த்துப் பதினைந்தால் வகுத்தால்
0.9.
மீந்த அரை மில்லியை
யார் பேரிலும் எழுதவில்லை.

பெயர், பங்கு, ஒப்புதல்.
சோலையப்பனுக்கு அரைக்கால்.
உமையாளுக்கு அரைக்கால்.
மற்றப் பன்னிரண்டு பேருக்கும் வீசம், வீசம்.
பங்கில் பெரிசு சிறிசு உண்டு,
வரியில் கிடையாது.

மொத்தத்தையும் செலக்ட் செய்து
உயரம் 0.9 அடித்தேன். என்டர்.
எல்லா வரியும் படுத்துக்கொண்டது.
ஏழாவது மட்டும் 1.03.

மறுபடி அடித்தேன். 1.03.
கோட்டைப் பிடித்து மவுசால் மேலே தள்ளினேன்,
விட்டதும் பழைய இடத்துக்கே வந்து நின்றது.
வரிகளைச் சமமாகப் பங்கிட என்றே ஒரு பட்டன் இருக்கிறது.
அதைச் சொன்னதும் தேனப்பன் சிரித்தார்.
"இதை முன்னாடியே சொல்லியிருந்தா
வக்கீலுக்கு அழுததாவது மிஞ்சியிருக்கும்."
அழுத்தினேன்.
ஏழாவது ஒத்துக்கொள்ளவில்லை.

யார் அந்த ஏழாவது?
சாத்தப்பன், ஈப்போ. வீசம்.
ஒப்புதல் கட்டம் காலி.
"மூணு தடவை எழுதியாச்சு.
போன் அடிக்குது, எடுக்கலை.
வேண்டாம்னும் சொல்லித் தொலைக்கலை."

காலிக் கட்டத்துக்குள் கர்சரை வைத்தேன்.
தனியாக மினுக்கியது.
மேலே எழுத்தளவுப் பெட்டியில்
பதினெட்டு.

எல்லோருக்கும் பன்னிரண்டு புள்ளி வைத்திருந்தேன்,
எழுத்து இருந்த கட்டங்களுக்கு மட்டும்.
எழுதாத இடத்தை நான் தொடவே இல்லை.
வராத ஒரு சொல்லுக்காக
பதினெட்டுப் புள்ளி உயரத்தில்
அது இடம் பிடித்து வைத்திருந்தது.

புள்ளி என்றதும் தேனப்பன் நிமிர்ந்தார்.
அவர்களில் கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும்
கோயில் கணக்கில் ஒரு புள்ளி.
"சாத்தப்பன் புள்ளி வரி மட்டும்
வருசா வருசம் தவறாம வந்துரும்," என்றார்.
"கூட ஒரு துண்டுச் சீட்டு இருக்காது."

ஒன்று என்று போட்டிருக்கலாம்.
ஓரத்து இடைவெளியையும் பூஜ்யமாக்கி
அமுக்கியிருக்கலாம்,
வேட்டியில் ஒருவருக்கும் தெரியாது.
பன்னிரண்டு போட்டேன்.
நாளைக்கே அவர் சரி என்றால்
அந்தச் சரி சோலையப்பனின் சரி அளவுக்கு விழும்.
முடியாது என்றாலும் உள்ளே அடங்கும்,
அடித்துப் பார்த்து அழித்துவிட்டேன்.

ஏழாவது வரி 0.9.

தேனப்பன் சட்டைப்பையிலிருந்து
ஆறு இஞ்ச் ஸ்கேலை எடுத்து
மானிட்டர்மேல் வைத்தார்.
"ஏழு மில்லிதானே காட்டுது?"
ஜூம் குறைவு, ஐயா.
வேட்டியில் விழும்போது மூணு விரல் இருக்கும்.
"பதினாலு பேருக்கும்?"
பதினாலு பேருக்கும்.

நூற்றைம்பதுக்கு நூறு கொடுத்துவிட்டு
கதவுவரை போனவர் திரும்பினார்.
"அந்தத் தலைவரி யாரோடது?"
யாருடையதும் இல்லை. பொது.
ஃபேன் ஒரு சுற்று சுற்றும்வரை யோசித்தார்.
"அப்ப அதுல கொஞ்சம் எடுத்துக்கலாமே."